நாற்பது சதவீத மழை

நெவில் க்ரூகருக்கு வானிலை அறிக்கை என்றாலே இளக்காரம். மழைக்கு நாற்பது சதவீதம் வாய்ப்பு என்று வானொலி சொன்னால், ஆஸ்திரேலியாவின் விம்மெரா வட்டாரத்தில் ஒரு சொட்டுகூட விழாது என்பது அவர் கணக்கு. அதை ஊரெல்லாம் சொல்லி மேதாவிப் பட்டமும் வாங்கியிருந்தார். அந்த மேதாவியிடம்தான் மெல்பர்ன் டாக்டர், நெவிலுக்கு வந்திருக்கும் ரத்தப் புற்றுக்கு அவர் தம்பியின் ஸ்டெம் செல்லை ஏற்றினால், அது திரும்பாமல் பிழைக்க நாற்பது சதவீதம் வாய்ப்பு என்றார். மனைவி ரேலீன் அந்நேரம் காரை நிறுத்த இடம் தேடி அலைந்துகொண்டிருந்தாள். அவள் வந்து கேட்டபோது, "வாய்ப்பு அருமையா இருக்குங்கிறாங்க" என்று சொல்லிவைத்தார்.

சிகிச்சை முடிந்து வீடு வந்தால், புழுதிப் பக்கம் தலைகாட்டக் கூடாது, மண்ணில் இருக்கும் பூஞ்சை நுரையீரலுக்கு எமன் என்று உத்தரவு. பிறந்தது முதல் புழுதி தின்றே வளர்ந்த கோதுமை விவசாயிக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை கிடையாது என்று அவரே சிரித்துக்கொண்டார்.

மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். இந்த வருஷம் டிராக்டரில் ரேலீன் ஏறினாள். நெவில் சமையலறைக் கண்ணாடிக்குப் பின்னால், டிராக்டரோடு பேசும் வாக்கி-டாக்கி ரேடியோவைக் கையில் பிடித்து நாட்டாமை போல உட்கார்ந்தார்.

"கோணலா போற, ரே."

"நேரா ஓட்டத் தெரிஞ்சவன் வந்து ஓட்டட்டும்."

"அறுவடைக்கு நான் ஓட்டுறேன், பாரு."

ரேலீன் வயல் முனையில் டிராக்டரைத் திருப்பினாள்.

"அறுவடைக்கு நீ இருப்பியா, நெவ்?"

சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் அத்தனை பேரும் அதே அலைவரிசையில்தான் இருப்பார்கள். மானம் போவதைப் பற்றிக் கவலைப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"நாப்பதுதான் சொன்னாங்க. உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

"தெரியும். மறுநாளே டாக்டர்கிட்ட நானும் கேட்டேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

"நாப்பதுன்னா ஒண்ணுமில்ல, ரே."

"அப்புறம் எந்த தைரியத்துல வருஷா வருஷம் விதைச்ச?"

ஊருக்கே சதவீதம் படித்துச் சொன்னவர் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்தார்.

"பயமா இருக்கு, ரே."

தூரத்தில் டிராக்டர் நின்றது.

"எனக்கும்தான். காலைலேருந்து அழுதுகிட்டேதான் ஓட்டுறேன். கண்ணு மறைக்குது, அதான் கோணல்."