ராக்ஸியின் நீலப் பாத்திரம்

மார்லிஸ் காரை நிறுத்திவிட்டு இறங்குவதற்குள் அவளுடைய அண்ணன் டுவேன் முன் சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்துவிட்டான். தங்கையைப் பார்த்து முக்கால் வருஷம் ஆகிறது. ஆனாலும் அவன் முதலில் பார்த்தது டயரைத்தான். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, "காத்து கம்மியா இருக்கு" என்றான். அந்தக் குடும்பத்தில் கட்டிப்பிடித்துக் கொஞ்சுவதற்குப் பதிலாக இப்படி ஏதாவது சொல்வார்கள்.

"எந்த வழியா வந்த?"

"பெரிய ரோட்டுலதான். டோமா ஊரைத் தாண்டினதும் பாலத்துல வேலை நடக்குது. ஒரே நெரிசல்."

"ஆத்தோரமா வந்திருக்கலாம்ல?"

"ஆத்தோரமா வந்தா மான் குறுக்கே வரும்."

"அது வரும்தான்" என்று டுவேன் ஒப்புக்கொண்டான்.

வழியைப் பற்றிய பேச்சு பின்கட்டுப் படி வரைக்கும் நீண்டது. எந்தத் திருப்பத்தில் திரும்பியிருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும், எந்த ஊரில் காபி நன்றாக இருக்கும், பனி விழுந்தால் எது முதலில் மூடும் என்று அண்ணனும் தங்கையும் அலசிக்கொண்டு நின்றார்கள். உள்ளேயிருந்து டுவேனின் மனைவி ராக்ஸி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "போதும்யா, ரோட்டைச் சுருட்டி வைங்க" என்று மார்லிஸை இழுத்து அணைத்துக்கொண்டாள். ராக்ஸி நியூ ஜெர்சிக்காரி. கல்யாணமாகி வினோனாவுக்கு வந்து இருபத்தேழு வருஷம் ஆகியும் அவளுடைய குரல் இன்னும் அந்த ஊர்க் குரலாக மாறவில்லை. பட்டென்று பேசுவாள், பட்டென்று சிரிப்பாள், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்பாள். வந்த புதிதில் தெருவே மிரண்டது. பிறகு பழகிக்கொண்டார்கள்.

மார்லிஸ் கையில் பூசணிக்காய் கேக். அலுமினியத் தட்டத்தில் வைத்து மூடிக் கொண்டுவந்திருந்தாள். தட்டத்தின் அடியில் ஒட்டுத்தாளில் அவள் பெயர். சர்ச்சிலும் சாவு வீட்டிலும் நூறு பாத்திரம் ஒன்றாகக் கலக்கும் ஊரில் பெயர் ஒட்டாத பாத்திரம் திரும்பி வராது. ராக்ஸி மட்டும் எதிலும் ஒட்டுவதில்லை. "நான் என் பாத்திரத்தை வெளியிலேயே விடறதில்ல, பின்ன எதுக்குப் பேரு?" என்பாள். அடுப்பு மேல் அவளுடைய நீல எனாமல் பாத்திரம் உட்கார்ந்திருந்தது. கனத்த இரும்பு. அவள் அம்மா கொடுத்தது. பக்கத்து வீட்டில் ஆள் செத்தபோதுகூட அதில் செய்த கறியை வேறொன்றில் மாற்றித்தான் கொடுத்தனுப்பினாள் என்று டுவேன் ஒரு தடவை சொல்லியிருக்கிறான்.

இரண்டு இரவு தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாகத்தான் மார்லிஸ் சொல்லியிருந்தாள். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்ததாகவும் சொல்லியிருந்தாள். அது பொய். அவளுக்கு வயது அறுபத்தொன்று. விவாகரத்து ஆகிவிட்டது, பிள்ளை குட்டி இல்லை. சிகாகோவுக்கு வெளியே ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தாள். அவர் கோடையோடு கடையைக் கட்டிவிட்டார். வாடகை வீட்டின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கவா என்று கேட்டு வீட்டுக்காரர் செய்தி அனுப்பியிருக்கிறார், அவள் பதில் போடவில்லை. அவளுக்கு வேண்டியது டுவேன் வீட்டின் மாடி அறை. அவள் பிறந்து வளர்ந்த அறை. ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதையும் அதற்கப்பால் ஆறும் தெரியும். அங்கே வந்து இருந்துவிட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை, சில நாள் சமையலறையில் நின்றபடியே அழுதிருக்கிறாள்.

கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஆனால் கேட்டு வாங்கும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை. கொடுப்பதை வாங்குவதற்கே ஒரு முறை இருந்தது. சின்ன வயதில் அம்மாவோடு யார் வீட்டுக்காவது போவாள். காபி சாப்பிடுங்களேன் என்பார்கள். ஐயோ வேண்டாம் என்பாள் அம்மா. கொஞ்சம் சாப்பிடுங்களேன் என்பார்கள். உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்பாள். மூன்றாம் முறை கேட்ட பிறகுதான், சரி, அரைக் கோப்பை போதும் என்று கையை நீட்டுவாள். ஒரு நாள் முதல் தடவை கேட்டவுடனேயே மார்லிஸ் கேக்கை எடுத்துவிட்டாள். வீடு திரும்பும் வழியில் அம்மா தொடையில் கிள்ளியது இன்னும் நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் படைவீரர் சங்கத்துக்குப் போனார்கள். வெள்ளி என்றால் அங்கே வறுத்த மீன்தான், வேறு பேச்சே கிடையாது. பாதி மீன் உள்ளே போனதும் டுவேன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "மாடி ரூம் சும்மாத்தான் கிடக்கு. நீ வேணா வந்து இருக்கலாம்" என்றான்.

மார்லிஸுக்கு நெஞ்சு துள்ளியது. "அட, அதெல்லாம் வேண்டாம். எனக்கு அங்க நல்லாத்தான் இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு முட்டைக்கோஸை எடுத்து வைத்துக்கொண்டாள். ஒன்று முடிந்தது. அன்றிரவு அவள் நன்றாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை ஏரியைச் சுற்றி நடந்தார்கள். டுவேனுக்கு மூட்டுவலி, நாலு அடிக்கு ஒரு தரம் நின்று சுகர் லோஃப் பாறையைப் பார்ப்பது போல் பாவனை செய்தான். காட்டு வாத்துகள் பாதை முழுக்க அசிங்கம் பண்ணியிருந்தன. மரமெல்லாம் மஞ்சள். ராக்ஸி வாத்துகளைத் திட்டிக்கொண்டே முன்னால் போய்விட்டாள்.

"அந்த ரூமுல ஹீட்டர் சரியில்ல" என்றான் டுவேன். "ஆள் இருக்கும்னா மாத்திடுவேன். ஒரு நாள் வேலைதான்."

"உனக்கு எதுக்குடா சிரமம்? வேண்டாம் வேண்டாம்."

"சிரமம் ஒண்ணுமில்ல."

"முட்டியை வெச்சுக்கிட்டு மாடி ஏறப் போறியாக்கும்."

டுவேன் சிரித்தான், அவளும் சிரித்தாள். இரண்டும் முடிந்தது. இனி ஒன்றுதான். வீடு திரும்பும் வழியெல்லாம் மனதுக்குள் அவள் அந்த அறையில் கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டாள், திரைச்சீலைக்கு நிறம் தேர்ந்தெடுத்தாள். சாயங்காலம் கேட்பான், இல்லாவிட்டால் காலையில் கேட்பான். சரி, இவ்வளவு சொல்ற, பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும். ரொம்பவும் சந்தோஷத்தைக் காட்டிவிடக் கூடாது.

சாயங்காலம் கேட்டது ராக்ஸி. கேட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. நீலப் பாத்திரத்திலிருந்து பன்றிக்கறியைப் பரிமாறிக்கொண்டே, "மாடி ரூமுக்கு ஒரு பொண்ணு வரா, மார். இங்க காலேஜ்ல நர்சிங் படிக்கறவ. திங்கக்கிழமை வந்து பார்க்கறேன்னிருக்கா. உனக்கு வேண்டாம்னு ரெண்டு தடவை சொல்லிட்டியாமே. சும்மா பூட்டி வெச்சு என்ன பண்றது?" என்றாள்.

மார்லிஸ் கறியை மென்று விழுங்கினாள். "நல்லதாப் போச்சு" என்றாள். "படிக்கற பொண்ணுன்னா சத்தம் போடாது."

"அதான் நானும் சொன்னேன்."

டுவேன் உப்பு கேட்டான். உப்பு அவன் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேசியதெல்லாம் குளிரைப் பற்றி. தட்டில் கடைசிக் கறித்துண்டு ஒன்று மிஞ்சியது. அண்ணனும் தங்கையும் அதைத் தொடவில்லை. ராக்ஸி எடுத்துச் சாப்பிட்டாள்.

மாடியில் படுத்துக்கொண்டு மார்லிஸ் யார்மேல் கோபப்படுவது என்று யோசித்துப் பார்த்தாள். ராக்ஸிமேல் கோபப்பட வழியில்லை. வேண்டாம் என்றதை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டது ஒரு குற்றமா? டுவேன்மேல் படலாம். முறை தெரிந்தவன். இன்னொரு தடவை வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? ஆனால் அவனைத் திட்டவும் மனசு வரவில்லை. கடைசியில் தன்மேலேயே பட்டுக்கொண்டாள்.

ஞாயிறு காலை பூசை முடிந்ததும் சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் காபி. கெட்டிலை ஏந்திக்கொண்டு வயதான பெண்மணி ஒருத்தி மேசை மேசையாக வந்தாள். மார்லிஸ் கையில் காலிக் கோப்பை.

"இன்னும் கொஞ்சம் விடட்டுமா?"

"வேண்டாங்க, போதும்."

"சூடா இருக்கு, அரைக் கோப்பை?"

"ஐயோ, எதுக்குச் சிரமம்?"

"அட, ஒரு வாய்தான், குடிங்க."

மார்லிஸ் கோப்பையை நீட்டினாள். விளிம்பு வரை ஊற்றினாள் அந்தப் பெண்மணி. மார்லிஸ் முழுவதையும் குடித்தாள். எதிரே ராக்ஸி டோனட்டைக் கடித்தபடி நின்றிருந்தாள். கடித்ததை மெல்லாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று மார்லிஸ் புருவத்தைத் தூக்கினாள். ஒன்றுமில்லை என்று ராக்ஸி தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் டுவேன் காரின் முன்மூடியைத் திறந்துவைத்து எண்ணெய் பார்த்தான். மார்லிஸ் பக்கத்தில் நின்றாள். இப்போது கேட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கேட்டால் என்ன, தலையா போய்விடும்? வாய் வரைக்கும் வந்தது.

"நான் கேட்டேன், நீ வேண்டாம்னுட்ட" என்றான் டுவேன், எண்ணெய்க் கம்பியைத் துணியில் துடைத்தபடி.

"ஆமா."

"முன்னெல்லாம்னா இன்னொரு தரம் கேட்டிருப்பேன். ராக்ஸிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு அந்தப் பழக்கமே போச்சு. ஒருத்தி வேண்டாம்னு சொன்னா அவ பேச்சை மதிக்கக் கத்துக்கோம்பா. நியாயந்தானே? நீயும் பெரிய ஊர்ல இருந்தவ. அங்க எப்படியோ, என்னவோ."

"நியாயந்தான்" என்றாள் மார்லிஸ்.

அவன் சொன்னதில் பாதி அவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி. அது அவளுக்குப் புரிந்தது. ஆனால் கேள்வியாகக் கேட்காததற்கு எப்படிப் பதில் சொல்வது? அவள் வானத்தைப் பார்த்து, மழை வரும் போலிருக்கிறது என்றாள். அவன் மூடியை இறக்கினான்.

பிறகு விடைபெறுதல் தொடங்கியது. சமையலறையில் "சரி, அப்ப" என்று தொடங்கி, பின்கட்டுப் படியில் ஒரு தடவை நின்று, தோட்டத்தில் காய்ந்துபோன தக்காளிச் செடிகளைப் பற்றிப் பேசி, காருக்கு வந்து கண்ணாடியை இறக்கி மறுபடியும் முதலிலிருந்து. அதற்குள் ராக்ஸி உள்ளே போய், குளியல் துண்டில் சுற்றிய பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து முன்பக்கக் கதவைத் திறந்து பக்கத்து இருக்கைக்கு முன்னால் தரையில் வைத்தாள். "பாத்திரத்தை வெச்சிட்டேன், மார். சூடு, பார்த்து" என்றாள். டுவேன் கார்க் கூரையை இரண்டு தட்டு தட்டினான்.

"மான் பார்த்து ஓட்டு."

"பார்த்து ஓட்டறேன்."

ஆற்றுப் பாலத்தைத் தாண்டி விஸ்கான்சின் மாநிலத்துக்குள் வந்தபோது மார்லிஸ் அழவில்லை. அதற்கே அவளுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. சரி, வீட்டுக்காரருக்குப் பதில் போட வேண்டும். வேறு வேலை தேட வேண்டும். அறுபத்தொன்றில் யார் கொடுப்பார்கள், பார்ப்போம். கார் முழுக்க ஆப்பிளும் பட்டையும் மணத்தது. தான் பூசணிக்காய் கேக் கொண்டுபோன தட்டத்தைத்தானே திருப்பித் தந்தாள், அதில் எதற்கு ஆப்பிள் என்று யோசித்துக்கொண்டே பெட்ரோல் பங்கில் நிறுத்தினாள்.

துண்டை விலக்கினாள். நீல எனாமல் பாத்திரம். உள்ளே ஆப்பிளும் ஓட்ஸும் போட்டுச் சுட்டது, மேலே பொன்னிறத்தில் மொறுமொறுவென்று. ஒரு துண்டுகூட வெட்டவில்லை. பாத்திரத்தைத் துண்டோடு பிடித்துத் தலைக்கு மேல் உயர்த்தி அடியைப் பார்த்தாள். புது ஒட்டுத்தாள். அதில் பெரிய எழுத்தில் ராக்ஸி என்று எழுதியிருந்தது. மை கொஞ்சம் கலைந்திருந்தது. காய்வதற்குள் ஒட்டியிருக்கிறாள்.

போனில் ராக்ஸி உடனே எடுத்தாள். பின்னால் டுவேன் டிவியில் யாருடைய பந்தாட்டத்தையோ திட்டுவது கேட்டது.

"ராக்ஸி, பாத்திரம் மாறிடுச்சு. உன் நீலப் பாத்திரம் என்கிட்ட வந்துடுச்சு."

"அப்படியா?"

"பார்சல்ல அனுப்பிடட்டுமா?"

"வேண்டாம்."

"எனக்கு ஒண்ணும் சிரமமில்ல. நல்லாக் கட்டி அனுப்பறேன்."

"வேண்டாம், மார்."

மார்லிஸ் வாயைத் திறந்தாள். மூன்றாவது தடவைக்கான வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது. மறுமுனையில் ராக்ஸி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மார்லிஸ் வாயை மூடிக்கொண்டாள்.

"நாளைக்கு வர பொண்ணு..." என்றாள்.

"அவளுக்குப் போன் பண்ணி ரூம் இல்லன்னு சொல்லிக்கலாம்" என்றாள் ராக்ஸி. "ஆப்பிளைச் சூடு ஆறறதுக்குள்ள தின்னு."

மார்லிஸ் விரலால் ஒரு மூலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். நாக்கு சுட்டது. பாத்திரத்தைப் பக்கத்து இருக்கையில் தூக்கி வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள். யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு கார் கீகீயென்று கத்தியது. அவள் எட்டிப் பெல்ட்டை இழுத்துப் பாத்திரத்தின் குறுக்கே மாட்டினாள். கத்தல் நின்றது.