நீச்சல் குளத்தை இறைத்தவர்கள்

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தேங்கிய தண்ணீரைக் கண்டால் கை சும்மா இருக்காது. வருடா வருடம் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் மழையும் வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்வதால் பிடித்த வியாதி அது. ஃபிரிட்ஜ் இல்லாத வீடு இருக்கலாம், மோட்டார் பம்பு இல்லாத வீடு கிடையாது. தெருவில் முட்டியளவு தண்ணீர் நின்றால் போதும், யாரும் கூப்பிடாமலே நாலு பேர் குழாயை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். இந்த நல்ல குணம்தான் எங்கள் நீச்சல் குளத்துக்கு எமனாக வந்தது.

ஊர் மன்றத்தை மூன்றாவது முறையாகக் கட்டிக்கொண்டிருந்தோம். ஷட்டில் கோர்ட், கேரம் அறை, இந்த முறை புதிதாக ஒரு நீச்சல் குளம். குளத்தில் நீச்சல் சொல்லிக்கொடுக்கப் போகிறவள் நான். மன்றத்தின் தலைவர் என் கூடப் பிறந்த அண்ணன். அது நான் போன ஜென்மத்தில் செய்த பாவம். கேரம் அறைக்கு என்ன பெயின்ட் என்று முடிவு செய்யவே மூன்று கூட்டம் போட்டார்கள். நான்காவது கூட்டத்தில் குளத்தின் பேச்சு வந்ததும், "நீச்சல் குளம் எதுக்குங்க? நம்மகிட்ட இல்லாத தண்ணியா?" என்று மரக்கடைக்காரர் கேட்டார். அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடலோரத்தில் பிறந்து, வருடம் தவறாமல் வெள்ளத்தில் மிதந்து, விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்கு மட்டுமே நீந்தத் தெரிந்த ஊர் இது. சிரிக்காமல் இருந்தது நானும் அண்ணியும்தான்.

போன வெள்ளத்தில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேஜை மேல் நின்றவள் அண்ணி. தண்ணீர் அவள் கழுத்துக்கு வந்த பிறகுதான் படகு வந்தது. அதற்குப் பிறகு பல மாதம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளக்கூட அவளால் முடியவில்லை. ஈரத் துணியால் துடைத்துக்கொள்வாள். ஒரு நாள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"அடுத்த மழைக்குள்ள எனக்கு நீந்தக் கத்துக்குடுத்துடு."

இத்தனை வருடத்தில் அண்ணி என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. அதனால்தான் அந்தக் குளத்துக்காகக் கூட்டத்துக்குக் கூட்டம் கத்தினேன். கத்தியே வாங்கினேன்.

வேலை முடிந்து இன்ஜினியரின் ஆட்கள் குளத்தில் தண்ணீர் நிரப்பிய அன்று, அவர் எல்லோரையும் சுற்றி நிற்க வைத்துச் சொன்னார். "இங்க ரெண்டடி தோண்டினாலே ஊத்துத் தண்ணி. குளம் நிறைஞ்சிருந்தா அந்த வெயிட்ல கீழ உக்காந்திருக்கும். காலி பண்ணினா, தொட்டியில காலிக் குடம் மிதக்குமே, அப்படிக் கிளம்பிடும். என்னைக் கேக்காம ஒரு வாளி எடுக்கக் கூடாது." அண்ணன் எல்லாம் தெரிந்தவன் போலத் தலையை ஆட்டினான். மரக்கடைக்காரரும் ஆட்டினார். தலையாட்டுவதில் எங்கள் ஊரை யாரும் மிஞ்ச முடியாது.

வடிகட்டி இயந்திரத்துக்கு ஒரு வால்வு வரவில்லை. அது வருவதற்குள் தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. திங்கட்கிழமை அண்ணிக்கு முதல் வகுப்பு. ஞாயிறு காலை நானே பஸ் ஏறிப் போய், கடை கடையாக அலைந்து வால்வை வாங்கிக்கொண்டு மத்தியானம் திரும்பினேன். மன்றத்துக்கு இரண்டு தெரு முன்னாலேயே மோட்டார் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, ஏழெட்டு.

ஓடினேன். பாதி ஊர் அங்கே இருந்தது. குளம் காய்ந்து கிடந்தது. கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அடித்தரையில் நின்று, துடைப்பத்தால் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தான் அண்ணன். அவன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"பாரு! உங்க அண்ணி அந்தப் பச்சைத் தண்ணியில எப்படிக் கால் வைப்பா? புதுத் தண்ணி விட்டுத் தரலாம்னு..."

"மேல ஏறு! எல்லாரும் ஏறுங்க!" என்று அலறினேன்.

அவர்கள் ஏறி முடிப்பதற்குள் அடியில் ஏதோ முறிகிற சத்தம். ஆழமான பக்கத்தின் விளிம்பு, எங்கள் கண் முன்னாலேயே, மெதுவாக எழும்பியது. ஓடுகள் படபடவென்று தெறித்தன. பெருமூச்சு விட்ட மாதிரி ஓர் ஓசையோடு குளம் நின்றபோது, ஒரு பக்கம் தரைக்கு மேல் முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் அப்போதும் மோட்டாரை நிறுத்தவில்லை.

"இன்ஜினியர் சும்மா பயமுறுத்தறார்னு நெனைச்சேன்" என்றார் மரக்கடைக்காரர்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், வலித்தது.

இன்ஜினியர் வந்து சுற்றிப் பார்த்தார். திட்டக்கூட அவருக்குத் தெம்பில்லை. "ஒடனே தண்ணிய விடுங்க. வெயிட் ஏறினா இதுக்கு மேல எழும்பாது. ஆனா கீழயும் எறங்காது. ஒடைச்சுத்தான் கட்டணும்."

"எப்ப சார்?" என்றேன்.

"மழை முடிஞ்சுதான்."

மழை முடிந்து. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் துடைப்பத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "எல்லாம் அவளுக்காகத்தானே பண்ணேன்" என்று ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அண்ணி எப்போது வந்தாளோ தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

"எனக்காகவா?" என்றாள். குரல் உயரவில்லை. "அன்னைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்பவும் நீங்க இங்கதான் மோட்டார் போட்டுட்டு இருந்தீங்க. ஷட்டில் கோர்ட்டுத் தரைப் பலகை நனைஞ்சிடும்னு. நான் ஃபோன் பண்ணேன். இதோ வரேன்னீங்க. அப்புறமும் பண்ணேன். இதோ வரேன்னீங்க. மேஜை மேல நின்னுட்டு வாசலையே பாத்துட்டிருந்தேன்."

இது எனக்கே தெரியாது. படகுக்காரர்கள் அவளை அழைத்து வரும்வரை அண்ணன் அவளைத் தேடி அலைந்ததாகத்தான் ஊரெல்லாம் பேச்சு. அண்ணி ஒரு நாளும் மறுத்துச் சொன்னதில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அண்ணன் துடைப்பத்தைக் கீழே போட்டான்.

அண்ணி இன்ஜினியர் பக்கம் திரும்பினாள். "தண்ணி விட்டா ஆள் இறங்கலாமா சார்?"

அவர் ஆழமில்லாத பக்கம் போய் உட்கார்ந்து, சுவரைத் தட்டிப் பார்த்தார். "இந்த மூலையில விரிசல் இல்ல. தண்ணி நின்னதும் ரெண்டு நாள் பாக்கறேன். அசையலன்னா, இடுப்பளவுல நிக்கலாம். இதுக்கு மேல என் வாயைக் கிளறாதீங்க."

"இடுப்பளவு போதும்" என்றாள் அண்ணி. பிறகு அண்ணனிடம், "தண்ணிய விடுங்க" என்றாள்.

இறைத்தே பழகிய ஊர், அன்று முதல் தடவையாக ஓர் இடத்தில் தண்ணீரைக் கொண்டுபோய் விட்டது. அதிலும் மூன்று பேர் குழாயைத் தலைகீழாக மாட்டினார்கள்.

இன்ஜினியர் சரி என்ற பிறகு, கோணல் குளத்தில், ஆழமில்லாத மூலையில், அண்ணி இறங்கினாள். படியை விட்டுக் கையை எடுக்கவே வெகு நேரம் ஆயிற்று. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சு விடப் பழக்கினேன். அப்புறம் அவளை மல்லாத்தி, முதுகுக்கு அடியில் என் இரண்டு கைகளையும் கொடுத்தேன்.

"நல்லாப் புடிச்சுக்கோ! விட்டுடாதே!" என்று விளிம்பிலிருந்து அண்ணன் பதறினான்.

அண்ணி வானத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "கைய எடு."

"இப்பவே வேண்டாம் அண்ணி."

"எடுன்னு சொல்றேன். அன்னைக்குப் புடிக்க யாரு இருந்தா?"

எடுத்தேன். ஒரு கணம் மிதந்தாள். உடனே மூழ்கினாள், தண்ணீரைக் குடித்தாள், இருமிக்கொண்டே எழுந்து நின்றாள். விளிம்பில் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, இறங்கவும் தைரியமில்லாமல், போகவும் மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தான். அண்ணி அவன் பக்கம் திரும்பவே இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத்தான் முறைத்தாள்.

"என்ன பாத்துட்டு நிக்கற? மறுபடியும்."