கெங்கம்மாளை எந்தப் பக்கம் போடுவது?

1

இந்தக் கதையை நான் ரயிலில் எடுத்தேன். யாரோ மறந்துவிட்டுப்போன குடையை எடுப்பதுபோல எடுத்தேன். போன கார்த்திகையில் ஒரு நாள், ஆவடியிலிருந்து அம்பத்தூருக்குப் போகும் பாசஞ்சர் வண்டியில் இரண்டு கனவான்கள் எதிர்ப் பலகையில் உட்கார்ந்து ராயலசீமையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். சென்னை மாகாணத்திலிருந்து தெலுங்கு ஜில்லாக்களைப் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு நெடுநாளாக நடந்துவருகிறது. அவற்றிலும் உள்ளே தள்ளிக் கிடக்கும் வறண்ட ஜில்லாக்கள்தாம் ராயலசீமை. அது கரையோரத்தாரோடு போவதா, சென்னையோடே இருப்பதா, தானே ஒரு மாகாணமாக நிற்பதா என்பது சண்டை. இருவரில் ஒருவரும் அந்தப் பக்கம் போனவராகத் தெரியவில்லை.

தரையில் கூடையும் மண்வெட்டியுமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண், அம்பத்தூரில் இறங்கும்போது கேட்டாள்:

“ஏன் நைனா, நான் அந்த ஊருக்காரிதான். பிரிச்சீங்கன்னா என்னை எந்தப் பக்கம் போடுவீங்க?”

வண்டி நகர்ந்துவிட்டது.

என்னிடம் உள்ளது அந்தக் கேள்வி ஒன்றுதான். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் கேள்விக்குப் பின்னால் நான் கட்டிய கட்டடம்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: ‘ராயலசீமை வானம் பார்த்த பூமி. அங்கே மண்ணும் மனிதரும்…’

நிறுத்திவிட்டேன். நான் படித்த சிற்றூர்ப் பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தில் அந்த இடம் பழுப்பு நிறத்தில் இருந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டாவது தொடக்கம், அவளுக்கு நானே ஒரு பேர் வைத்து: ‘கெங்கம்மாளின் கண்களில் ஒரு சோகம்…’

இதையும் நிறுத்தினேன். ரயிலில் கேட்டவளின் கண்ணில் சோகம் ஒன்றும் இல்லை. விலை கேட்பவளைப்போலக் கேட்டாள்.*

மூன்றாவதாக, எனக்குப் பழகிய வழிக்கே வந்தேன். நான் கடிதம் எழுதிப் பழகியவன். அனுப்புநர், பெறுநர், பொருள், பிறகு விஷயம். கதைக்கும் இது போதும் என்று படுகிறது.

அனுப்புநர்: நான். பெறுநர்: நீங்கள். பொருள்: ஒரு பெருவிரல் சம்பந்தமாக.

(* நின்றுபோன வரிகளை ஏன் அப்படியே விட்டிருக்கிறேன் என்று கேட்பீர்கள். சுத்தப் பிரதியைப் பார்த்தால், எழுதியவன் எங்கே தயங்கினான் என்பது தெரியாமல் போய்விடுகிறது. இந்த விஷயத்தில் தயங்கிய இடங்கள்தாம் முக்கியம்.)

3

கெங்கம்மாளுக்கு நாற்பது வயது என்று வைத்துக்கொள்வோம். மண்வேலை செய்யும் பதினான்கு குடும்பங்களுக்கு அவள்தான் தலைவி. ராயலசீமையின் அனந்தபூர் ஜில்லாவிலிருந்து புறப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஏரிக்கரை, ரயில் பாதை, சாலை என்று வேலை இருந்த இடத்தில் பாய்க்குடிசை போட்டு, கடைசியில் ஆவடிக்கு வந்து பட்டாளத்துக்காக மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பினார்கள். யுத்தம் முடிந்தது. மண்வேலையும் முடியப்போகிறது. பாயைச் சுருட்டிக்கொண்டு மறுபடி நடக்க ஒருவருக்கும் மனம் இல்லை. அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்துப் புறம்போக்கில் பதினான்கு மனை கொடுக்கும்படி ஜில்லாக் கச்சேரிக்கு, அதாவது கலெக்டர் ஆபீசுக்கு, மனு போட்டிருந்தாள்.

மனுவை எழுதியவர் வீரராகவன். ஆவடித் தபாலாபீசுக்கு எதிரே, ராயப்பனின் சைக்கிள் கடைச் சுவரோரம் மேஜை போட்டுப் பதினெட்டு வருஷமாக மனு எழுதுகிறார். எழுதிய ஒவ்வொன்றுக்கும் நகல் வைத்துக்கொள்வார். (அவர் நான்தானா என்றால், நகல் வைக்கும் வழக்கம் மட்டும் என்னுடையது.)

கதை நடக்கும் காலை, அந்த மனு கச்சேரியிலிருந்து திரும்பி வந்திருந்தது. ‘கைநாட்டு தெளிவாக இல்லை, மறுபடி வைத்து அனுப்பவும்’ என்று ஓரத்தில் சிவப்பு மை.

“இன்னா ரைட்டரே, என் வெரலு சரியில்லையாமா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள் கெங்கம்மாள்.

“ரேகை பதியல. வெறும் கறைதான் விழுந்துகீது.”

“மண்வெட்டி புடிச்ச கையில ரேகை எங்கேர்ந்து வரும்? அதெல்லாம் ஆவடி மேட்டுல தேஞ்சிபோச்சி. அங்க போய்ப் பாக்கச் சொல்லு.”

வீரராகவன் அவள் விரலை ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டார். அந்த நேரத்தில்தான் நாகேந்திரன் வந்தான்.

4

நாகேந்திரனைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. பிறந்தது அதே அனந்தபூர் ஜில்லாவில் கதிரிப் பக்கம். முதல் பிரதியில் அவனைப் பித்தலாட்டக்காரனாக எழுதியிருந்தேன். கைநாட்டுகளை வாங்கிக்கொண்டு ஏதோ ஒரு பெரிய மனிதரிடம்…

வேண்டாம். அவன் கெட்டவனாக இருந்தால் கெங்கம்மாளுக்குக் கஷ்டமே இல்லை, துரத்திவிடுவாள். அவனை யோக்கியனாக்கினேன். கதை உடனே கடினமாகிவிட்டது.

“அக்கா, உங்களுக்கு எந்த ஊரு?” என்றான்.

“அனந்தபூர் ஜில்லா. பேரச் சொன்னா உனக்குத் தெரியவா போவுது?”

“எனக்குக் கதிரி.”

“அட, நம்ம ஊட்டுப் புள்ள! இன்னா இம்மாம் எளைச்சிகீற? பட்டணத்துல சோறு போட மாட்டாங்களா?”

ராயலசீமை தனி மாகாணம் ஆக வேண்டுமென்று மனு தயாராவதை அவன் சொன்னான். ஆயிரம் பேரின் கையெழுத்தோ கைநாட்டோ வேண்டும்.

“தனியாப் போனா மழ பெய்யுமா?”

“பெய்யாதுக்கா. ஆனா, பெய்யலைன்னு போய்ச் சொல்றதுக்கு நடக்கிற தூரம் குறையும்.”

பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ராயப்பன் நிமிர்ந்தான். “அண்ணாத்தே, தம்பி நல்லா பேசுது. எலெக்சன்ல நிக்கலாம்.”

“அந்தத் தூரத்த நாங்க நடந்து முடிச்சிட்டோம் கண்ணு. அத்தொட்டுத்தான் இங்க கீறோம்” என்றாள் கெங்கம்மாள். “சரி, பிரிச்சாச்சுன்னு வெச்சிக்கோ. அதுலயும் ஒரு மூல தூரமாத்தானே கெடக்கும்? அந்த மூலையில கீறவன் இன்னா பண்ணுவான்?”

நாகேந்திரன் ஏமாற்றத் தெரியாதவன். “அவனும் மனு எழுதுவான்.”

“அப்ப ரைட்டருக்கு நல்ல காலம்தான்” என்றான் ராயப்பன்.

சிரிப்பு அடங்கியதும் நாகேந்திரன் மெதுவாகச் சொன்னான்: “நம்ம சீமையில ஆளே இல்ல, அது எப்படித் தனி மாகாணம் நடத்தும்னு கேக்கறாங்கக்கா. ஆளு இருக்கு. எல்லாம் வெளியில மண்ணு வெட்டிக்கிட்டிருக்கு. நீங்கல்லாம் அந்த ஊர்க்காரங்கன்னு கைநாட்டு வெச்சாத்தான் அந்தக் கணக்கு நிக்கும். இல்லேன்னா அங்க பாதி ஊரு இல்லாத ஊரு.”

கெங்கம்மாள் அவன் கையிலிருந்த மனுத்தாளைப் பார்த்தாள்.

“எங்கப்பன் அங்க ஒரு கெணறு வெட்டினான். எழுபதடி. தண்ணி வரல. கெணறு மட்டும் இன்னும் எங்களதுதான்” என்றாள். “கொடு, வெக்கறேன்.”

5

இந்த இடத்தில் வாசகர் ஒருவர் (எனக்குள் ஒருவர் இருக்கிறார்) கேட்கிறார்: ‘நீ எந்தக் கட்சி? தனி மாகாணம் வேண்டுமா, வேண்டாமா?’

தெரியவில்லை. ஒரு பக்கம் பார்த்தால், எட்டாத தூரத்துக் கச்சேரியிடம் ஒரு சீமை பேசவே முடியாது என்பது நியாயமாகப் படுகிறது. மறுபக்கம், கெங்கம்மாள் கேட்ட அந்தக் கடைசி மூலை என்னை விடமாட்டேன் என்கிறது. எங்கே நிறுத்துவது? மாகாணமா, ஜில்லாவா, தாலுகாவா, கடைசியில் ஒரு கிணறா? ஒருவேளை நீங்கள் இதைப் படிக்கும்போது கோடு போட்டு முடித்திருப்பார்கள். எந்த இடத்தில் போட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு இருபது வயது குறைவாக இருந்தால் காத்திருந்து பார்ப்பேன்.

6

“இரு” என்று கெங்கம்மாளைத் தடுத்தார் வீரராகவன்.

நகல் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அவர் முகம் மாறியதைக் கவனித்தவன் ராயப்பன்தான்.

“தம்பி, உங்க லிஸ்டு மொதல்ல எங்க போவும்?”

“இந்த ஜில்லாக் கச்சேரிக்கு. அங்க சரிபார்த்துத்தான் மேலே அனுப்புவாங்க.”

வீரராகவன் மனை மனுவின் நகலை வாய்விட்டுப் படித்தார்: “‘இவ்வூரிலேயே நிரந்தரமாகக் குடியிருந்துவரும், வேறெங்கும் வீடு வாசல், நிலம் நீச்சு, ஊர் உறவு இல்லாத…’”

“யாரு?” என்றாள் கெங்கம்மாள்.

“நீதான்.”

“நான் அப்படிச் சொல்லவே இல்லியே!”

சொல்லவில்லைதான். பதினெட்டு வருஷமாக எந்த மனுவைத் தொடங்கினாலும் வீரராகவனின் பேனா அந்த வரியைத் தானாக எழுதிவிடும். நூம்பல் கிராமத்தில் கிணறு தூர்வாரக் கேட்டவருக்கும் எழுதினார். காணாமற்போன எருமைக்காகப் புகார் கொடுத்தவருக்கும் எழுதினார். எவரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

நாகேந்திரனின் தாளிலும் தலைப்பு ஒன்று இருந்தது: ‘கீழ்க்கண்டோர் ராயலசீமையின் நிரந்தரவாசிகள்.’ இரண்டு தாளும் ஒரே கச்சேரியில் ஒரே மேஜைக்குப் போகும். இரண்டிலும் அனந்தபூர் கெங்கம்மாள்.

“அந்த வரியை அடிச்சிடு ரைட்டரே.”

“அடிச்சா மனை தரமாட்டான். நாளைக்கு ஓடிப்போறவளுக்கு எதுக்கு மனைன்னு கேப்பான்.”

“நீ அடிச்சிடு கண்ணு” என்று நாகேந்திரனிடம் திரும்பினாள்.

“அடிச்சா எங்க மனு நிக்காதுக்கா. இங்க குடியேறினவங்க கைநாட்டு செல்லாதுன்னுடுவாங்க.”

“ஏம்மா, ரெண்டு கை கீது இல்ல?” என்றான் ராயப்பன். “சோத்துக்கை இதுல, பீச்சாங்கை அதுல.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அவனும் உபயோகமாக இருக்கட்டும் என்றுதான் சொன்னான்.

7

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) அவள் மனை மனுவில் விரல் வைக்கிறாள். ஏரிக்கரையில் பதினான்கு வீடு எழும்புகிறது. நாகேந்திரன் ‘பரவால்லக்கா’ என்று சொல்லி, வெயிலில் அடுத்த வேலையிடத்துக்கு நடக்கிறான். எங்கோ ஒரு கனவான் ‘ஆளில்லாத சீமை’ என்று எழுதுகிறார். அதில் கெங்கம்மாளின் கையும் இருக்கிறது.

(ஆ) நாகேந்திரனின் தாளில் வைக்கிறாள். பதினான்கு குடும்பமும் பாயைச் சுருட்டுகிறது. அவர்களுக்கு முன்னால் அவள் எப்படி…

இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகவில்லை.

(இ) மண் வெட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பள்ளம் முழுவதையும் வெட்டினாலும் நடுவில் ஒரு திட்டை மட்டும் புல்லோடு விட்டுவைப்பார்கள். பழைய தரை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று அளக்க வருகிறவருக்குத் தெரிய வேண்டுமே. அதற்குச் சாட்சி என்று பேர். மூன்றாவது முடிவில் கெங்கம்மாள் சொல்கிறாள்: “பதிமூணு ஊட்டுக்கு மன கேளு. என் பேர எடுத்துடு. எங்க சீமைக்கு நான் ஒருத்தி சாட்சியா நின்னுட்டுப் போறேன்.”

இதை எழுதியதும் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அப்படியே தூங்கப் போய்விட்டேன். காலையில் கிழித்தேன். கதை அழகாக முடிய வேண்டும் என்பதற்காக ஒருத்தியின் வீட்டைப் பிடுங்கிக்கொள்வதா? அதுவும், தவறு செய்தது ஆண்பிள்ளைகளின் இரண்டு பேனா, வீடிழப்பது அவளா? மேலும் அந்தச் சாட்சித் திட்டை அளந்து முடிந்ததும் வெட்டித் தள்ளிவிடுவார்கள். அவளுக்கு அது தெரியாதா?

8

ஆகவே எனக்குத் தெரிந்தவரை மட்டும் சொல்கிறேன்.

கெங்கம்மாள் இரண்டு தாளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். படிக்கத் தெரியாதவள், இரண்டையும் வெகு நிதானமாகப் பார்த்தாள். எது எந்தத் தாள் என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

“நீ எழுதினதும் பொய்யி” என்றாள் வீரராகவனிடம். “நீ எழுதிகினு வந்ததும் பொய்யி” என்றாள் நாகேந்திரனிடம். குரலில் கோபம் இல்லை. “ஆனா, ரெண்டுமே எனக்கு வேணும்.”

வீரராகவன் ஏதோ சொல்லத் தொடங்கினார். “கெங்கம்மா, நான் வேணா அந்த வரிக்குப் பதிலா…”

“பேசினது போதும். மை கொடு.”

மைத்தட்டில் பெருவிரலை வைத்து, இந்த ஓரம் அந்த ஓரம் என்று உருட்டி அழுத்தினாள். இந்தத் தடவை ரேகை விழாமல் போகக்கூடாது. எடுத்துப் பார்த்தாள். கறுப்பு நன்றாக ஏறியிருந்தது.

வீரராகவன் மேஜைக்கு இந்தப் பக்கமும், நாகேந்திரன் அந்தப் பக்கமும் குனிந்து நின்றார்கள். ராயப்பன் சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். அவர்களுடைய நிழல் இரண்டு தாளின்மேலும் விழுந்திருந்தது.

“எல்லாரும் அப்பால போங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க.”

மூன்று பேரும் பின்வாங்கினார்கள். நிழல் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அவள் நிமிரவும் இல்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. சும்மா காத்திருந்தாள்.

நானும் நகர்ந்துவிட்டேன். நான் நிற்கும் இடத்திலிருந்து அவள் முதுகுதான் தெரிகிறது, விரல் போகும் தாள் தெரியவில்லை. நீங்கள் மேஜைக்கு நேரே இருக்கிறீர்கள்.