வாகான் சாகிற கட்டம்

தளபதி வாகானாக ஆட வேண்டும் என்று நிறோஷினிக்கு ஒரே ஆசை. ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன் யர்மூக் ஆற்றங்கரையில் அரபுப் படையிடம் தோற்ற உரோமைத் தளபதி அவன். டென்மார்க்கில் பிராண்டே ஊர்த் தமிழ்க் கத்தோலிக்கச் சனம் கோயில் பெருநாளுக்குப் போடும் நாட்டுக்கூத்து இந்த முறை அவன் கதைதான். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் அந்தோனிதாசனிடம் வாய்விட்டே கேட்டாள்.

"பொம்பிளையள் தளபதி ஆடுறேல்லை, பிள்ளை. நீ பின்னுக்கு நிண்டு பாடு" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார்.

வேடம் குருசுமுத்துவுக்குப் போனது. அவன் அடிக்கடி பாட்டடியை மறப்பான், இவள் பின்னால் நின்று எடுத்துக் கொடுப்பாள். வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

பெருநாளன்று பேய்க்காற்று. கொப்பன்ஹேகனிலிருந்து காரில் புறப்பட்ட குருசுமுத்து, காற்றுக்குக் கடற்பாலத்தைப் பூட்டிவிட்டார்கள் என்று அக்கரையிலேயே நின்று போனில் சொன்னான். மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது, மத்தளமும் தொடங்கிவிட்டது. அரபுத் தளபதி வேடத்தில் நின்ற அந்தோனிதாசனுக்கு முகம் செத்துப்போனது.

"வாகான்ரை பாட்டு முழுக்க ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும், அண்ணை." நிறோஷினி ஏற்கெனவே வாகானின் மணிமுடியைத் தலையில் வைத்திருந்தாள்.

"சனம் சிரிச்சா?"

"என்னைப் பாத்துத்தானே சிரிக்கும். நீங்கள் வாளைத் தூக்குங்கோ."

சிரிக்கத்தான் செய்தார்கள். முன்வரிசையில் விமலாதேவி, "உது எங்கடை நிறோஷினியெல்லோ! நல்ல தளபதிதான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். நிறோஷினி காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாகான் மேடைக்கு வரும் வரவுப் பாட்டை எடுத்த எடுப்பில் சிரிப்பு அடங்கிவிட்டது. கூடவந்த தளபதிகள் தங்களுக்குள் சண்டை பிடித்துப் பிரிந்தார்கள், புழுதி கண்ணை மறைத்தது, படை சிதறியது. வாகான் மட்டும் ஓடவில்லை. சரித்திரத்தில் அவன் முடிவைப் பற்றி ஆளுக்கொரு கதை உண்டு. கூத்தில் அவன் செத்தே ஆகவேண்டும்.

அரபுத் தளபதியாக வந்த அந்தோனிதாசன் வாளை வீசினார். நிறோஷினி முழங்காலில் விழுந்து, கடைசிப் பாட்டைத் தொண்டை கிழியப் பாடி, செத்தாள்.

முன்வரிசையில் விமலாதேவி எழும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தினாள்: "திருப்பிப் பாடு, பிள்ளை!"

சனமெல்லாம் சேர்ந்து கத்தியது. கூத்தில் சனம் கேட்டால் பாடத்தான் வேண்டும், செத்தவருக்கும் விலக்கில்லை. வாகான் எழும்பி, மணிமுடியைச் சரிசெய்து, முழங்காலில் நின்று பாடி, மறுபடி செத்தான். விசில் கூரையைப் பிய்த்தது. நிறோஷினிக்குச் சந்தோசம் தாங்கவில்லை, பிணமாகக் கிடந்தபடியே சிரித்தாள். மூன்றாம் முறையும் கேட்டார்கள்.

வெற்றிப் பாட்டுப் பாட வழியில்லாமல் வாளோடு நின்ற அந்தோனிதாசன் குனிந்து, "எப்ப பிள்ளை சாகப்போறாய்? எனக்குக் கை உளையுது" என்றார்.

"சனம் விட்டால்தானே, அண்ணை" என்று சொல்லிவிட்டு எழும்பினாள் தளபதி.