வியாழக்கிழமைக் காய்ச்சல்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், எதிர்வரும் வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மூன்றாம் வகுப்பு மாணவ மாணவியர் முப்பத்திரண்டு பேர் பென்சிலைக் கையில் எடுக்கும் அந்த நொடியில், இப்பள்ளியின் மானமும் கல்வித்துறையின் பெருமையும் நாட்டின் நாளைய விடியலும் ஒருங்கே தீர்மானிக்கப்படும். எனவே எல்லோரும் மறக்காமல் ரப்பர் கொண்டுவரவும்.

தலைமையாசிரியர் இதை ஒலிபெருக்கியில் மூன்று முறை வாசித்தார். மூன்றாவது முறை 'விடியல்' வந்தபோது அவரே உருகிப்போனார். தண்ணீர் குடித்துவிட்டு மூன்றாம் வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார்.

அவர் நாற்காலிக்குப் பின்னால் அறுபத்துநான்கு பள்ளிகளின் தரவரிசைப் பட்டியல் ஒட்டியிருந்தது. முப்பத்தொன்பதாவது வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"உக்காருங்க டீச்சர். இந்தப் பொதுத்தேர்வுக்கு வராத பிள்ளைங்களுக்கு எவ்வளவு மார்க்?"

"வரலைன்னா மார்க்கே கிடையாதே சார்."

"சராசரியில?"

"அதுலயும் சேர்க்க மாட்டாங்க."

"அப்படிப் போடுங்க!" நாற்காலி கிரீச்சிட்டது. "உங்க கிளாஸ்ல நாலு பேருக்கு உடம்பு சரியில்லாத மாதிரி எனக்குப் படுது."

"நல்லாத்தானே சார் ஓடியாடிட்டு இருக்காங்க?"

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. நான் வியாழக்கிழமையைச் சொல்றேன்."

நான்கு பெயர் எழுதிய துண்டுத்தாள் மேசையில் நகர்ந்து வந்தது. நான்காவது பெயரின்மேல் டீச்சர் விரலை வைத்தார்.

"இந்தப் பொண்ணு இப்பதான் சார் படிக்கவே ஆரம்பிச்சிருக்கா."

"படிக்கட்டும். வெள்ளிக்கிழமை படிக்கட்டும். யாரு வேணாம்னா?" குரலில் தேன் வழிந்தது. "இந்தத் தடவையும் முப்பத்தொன்பதுன்னா மூணாம் வகுப்பை வேற ஆள்கிட்டக் கொடுக்கச் சொல்றாங்க. எனக்கு அதுல துளிகூட இஷ்டமில்ல. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். ஒவ்வோர் எழுத்திலும் நின்று, இறங்கி, ஏறித்தான் அடுத்த எழுத்துக்குப் போவாள். ஆறு மாதமாக மதிய இடைவேளையில் டீச்சர் அவளோடு உட்கார்ந்திருந்தார். போன மாதம் ஒரு முழு வரி படித்தாள். அன்றிலிருந்து விட்டுவைத்தது ஒன்றுமில்லை. கதவில் இருந்த 'தள்ளவும்', தீயணைப்பு உருளையின் காலாவதித் தேதி, தலைமையாசிரியர் அறைப் பலகையில் அவருடைய பட்டங்கள் எல்லாம் படித்தாகிவிட்டது. பட்டங்களுக்கு மட்டும் ஒரு முழு இடைவேளை பிடித்தது. பரீட்சைக்கென்று பென்சிலை இரண்டு பக்கமும் சீவி வைத்திருந்தாள்.

"ஒரு பக்கம் உடைஞ்சா இன்னொண்ணு இருக்குல்ல டீச்சர்?"

"முதல் பாராவை நீயே படிச்சிடுவ பாரு" என்று டீச்சர் அவளிடம் சொல்லியிருந்தார். துண்டுத்தாள் வருவதற்கு முந்தின நாள் சொன்னது.

புதன்கிழமை மாலை மற்ற மூன்று வீடுகளும் ஒரே பேச்சில் ஒப்புக்கொண்டன. நான்காவது எண்ணை டீச்சர் இரண்டு முறை பாதியில் நிறுத்திவிட்டு அழுத்தினார். அம்மாக்காரி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை செய்பவள். போனில் இயந்திரச் சத்தம் தடதடத்தது.

"என்ன டீச்சர், ஏதாச்சும் சேட்டை பண்ணிட்டாளா?"

"அதெல்லாம் இல்லம்மா. அவளுக்குக் காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு. நாளைக்கு வீட்லயே இருக்கட்டும்."

"காலைல நல்லாத்தானே வந்தா? பரீட்சைன்னு பென்சிலைத் தலகாணிக்கு அடியில வெச்சுல்ல தூங்குறா!"

டீச்சர் போனை மறு காதுக்கு மாற்றினார். இயந்திரம் நான்கு சுற்று சுற்றியது.

"சரிங்க டீச்சர். எனக்கென்ன தெரியும், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. டீச்சர் போனை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

வியாழக்கிழமை இருபத்தெட்டு பென்சில்கள் ஓடின. வெளியிலிருந்து வந்த மேற்பார்வையாளர் காலி இடங்களைப் பார்த்தார்.

"காய்ச்சலா?"

"ஆமா சார்."

"சீசன் அப்படி" என்று கொட்டாவி விட்டபடி எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் எக்ஸ்பிரஸ் வந்து நின்றாள். கழுத்தை நீட்டினாள்.

"தொட்டுப் பாருங்க டீச்சர். எனக்குச் சரியாயிடுச்சா?"

டீச்சர் தொட்டார். கழுத்து சில்லென்றிருந்தது.

"சரியாயிடுச்சு."

"அப்ப நான் எழுதலாமா?"

மிஞ்சிய வினாத்தாள் ஒன்று இழுப்பறையில் இருந்தது. மதிய இடைவேளையில் அதை எடுத்துக் கொடுத்தார். விரல் வரிக்கு அடியில் ஊர்ந்தது. மணி அடித்தபோது இருபது கேள்விகளில் மூன்று முடிந்திருந்தன. மூன்றும் சரி. பரீட்சை நாளில் எழுதியிருந்தால் இருபதுக்கு மூன்று. தலைமையாசிரியரின் கணக்கில் தப்பே இல்லை. அதுதான் டீச்சரை உறுத்தியது.

"மிச்சம் திங்கக்கிழமை, டீச்சர்?"

ஏழு இடைவேளைகள் ஆயின. பதினேழு சரி. அந்தத் தாளை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் டீச்சர் அதை இழுப்பறையிலேயே வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. சராசரி பதினொன்றிலிருந்து பதின்மூன்றுக்கு ஏறியிருந்தது. தலைமையாசிரியர் ஒலிபெருக்கியைத் துடைத்து வைத்துவிட்டு, பேனர் அடிப்பவனுக்குப் போன் செய்துகொண்டே முழுப் பட்டியலைப் புரட்டினார். புரட்டியவர் நடுவில் பேச்சை நிறுத்தினார். எல்லாப் பள்ளிகளின் சராசரியும் ஏறியிருந்தது. ஒவ்வொரு பள்ளிக்கு நேராகவும் 'வராதோர்' என்ற கட்டத்தில் ஒரு எண்ணும், அதற்குப் பக்கத்தில் 'காய்ச்சல்' என்ற காரணமும் இருந்தன.

ஒலிபெருக்கி அன்று பேசவில்லை. அடுத்த வாரம் மூன்றாம் வகுப்பு வேறொருவர் கைக்குப் போனது. வந்தவர் இழுப்பறையைக் காலி செய்தார். மதிய இடைவேளைகளில் வகுப்பறையைப் பூட்டி வைத்தார்.

பள்ளி முப்பத்தொன்பதாவது இடம்.