சாகுபடி வயலில் நின்றுவிட்ட ராஜாத்தி

நிலத்துக்கு உச்சவரம்பு பதினைந்து ஏக்கர் என்று சட்டம் வந்த வருஷம், பஞ்சநதம் வீட்டு அம்பாசிடர் கார் ஒன்றரை ஏக்கர் நன்செய்க்குச் சொந்தக்காரி ஆனது. அவர் பாபநாசத்துப் பக்கம் பெரிய மிராசுதார். மச்சான், மாமியார், செத்துப்போன சித்தப்பா என்று ஒருத்தர் விடாமல் எழுதி வைத்தும் வாய்க்காலோரத்து ஒன்றரை ஏக்கர் மிஞ்சிப் போயிற்று. “இன்னொரு பேரு சொல்லுங்க” என்று கர்ணம் பேனாவும் கையுமாகக் காத்திருந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஹாரன் அடித்தது. காருக்கு வீட்டம்மா பிரகதாம்பாள் ஆசையாக வைத்த பெயர் ராஜாத்தி. “ராஜாத்தின்னு போட்டுத் தொலைய்யா” என்றார் பஞ்சநதம். கர்ணமும் போட்டுத் தொலைத்தார்.

மறுநாளிலிருந்து அந்த வயலைத் தாண்டும்போதெல்லாம் கார் தானாகவே பிரேக் பிடித்து நின்றது. ஓட்டுகிற சாமிதுரை பெடலில் கால் வைக்கவேயில்லை. அவன் சொன்னால் யார் நம்புவது? ஏனென்றால் அந்த வயலைப் பதினெட்டு வருஷமாகக் குத்தகைக்குச் சாகுபடி பண்ணுகிறவள் அவனைப் பெற்ற பூவம்மாள்தான். குத்தகைக்காரர் பெயரையெல்லாம் பதிய வேண்டும் என்று இன்னொரு சட்டமும் அப்போது வந்திருந்தது. பதிந்துவிட்டால் அவளை அசைக்க முடியாது என்று பஞ்சநதத்துக்குத் தெரியும். “அறுப்பு முடிஞ்சதும் உங்கம்மாவ வயல விட்டு எறங்கிக்கச் சொல்லு. அதிகாரி கேட்டா, ஐயாவோட சொந்தப் பண்ணைன்னு நீதான் சாட்சி” என்றார். “சரிங்கய்யா” என்றான் சாமிதுரை. சொல்லிவிட்டு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சம்பளமா, தாயா என்று தெரியவில்லை. அம்மாவிடம் வாயே திறக்கவில்லை, பாவி.

காரைப் பாபநாசத்தில் ஜெக்கரியா பாய் பட்டறைக்குக் கொண்டுபோனான். பாய் ஜாக்கி போட்டு, முன்சக்கரத்துக்கு இரண்டு, பின்னால் ஒன்று என பிரேக் ஆயில் போகிற மூன்று ரப்பர் ஓஸையும் வளைத்துப் பார்த்தார். மேலே பொடிப்பொடியாக வெடிப்பு. “வெளிய இருக்கறது கெடக்கட்டும். ஓஸு உள்ளுக்குள்ள வீங்கிப் போச்சுன்னா மிதிச்ச அழுத்தம் உள்ள போவும், திரும்பி வராது. கால எடுத்தாலும் சக்கரத்த விடாது, தம்பி” என்றார். இரும்புக் குழாய் முறுக்கிக்கொள்ளாமல் நட்டைப் பதமாகக் கழற்றி, புது ஓஸ் மாட்டி, சாமிதுரையைப் பெடல் மிதிக்கச் சொல்லி, பின்சக்கரத்தில் ஆரம்பித்துக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றினார். பழைய ஆயில் கறுப்பாகப் போய்த் தெளிவாக வந்தது. வேலை சுத்தம்.

திரும்புகாலில் வயலோரம் கார் நின்றது. பதினைந்தே நாளில் மறுபடி அந்த ஓஸைக் கழற்றி பிளேடால் பிளந்த பாய், உள்ளே ஈர வண்டலும் இரண்டு விரல் நீளத்துக்குப் பச்சை நாற்றும் இருப்பதைப் பார்த்தார். “குறுவை போலருக்கு” என்று சொல்லிக் கைலியில் கையைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் புதுசு மாட்டினார். மூன்றாம் தடவை போனபோது, “எங்கிட்ட இதுக்கு ஸ்பானர் இல்லப்பா, ஆள விடு” என்று கும்பிட்டுவிட்டார்.

விசாரணைக்கு வருகிற அதிகாரியை மிராசுதார் தன் காரிலேயே கூட்டிவந்து, இலை போட்டு, வயலையே காட்டாமல் அனுப்பி வைப்பதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். நடராசன் என்கிற அந்த அதிகாரியும் பின்சீட்டில் பஞ்சநதத்தோடு பசியோடுதான் உட்கார்ந்திருந்தார். கார் வயலோரம் வந்து, கிறீச்சென்று நின்றது. “ஓட்டுடா!” என்று கத்தினார் பஞ்சநதம். எஞ்சின் உறுமியது, சக்கரம் நகரவில்லை. நான்குபேர் சேர்ந்து தள்ளினார்கள், ஊஹூம். அதிகாரி வெயிலில் இறங்கி நின்றார். எதிரே முழங்கால் சேற்றில் பூவம்மாள் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தாள். மகன் வந்திருப்பதை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“இது யாருப்பா சாகுபடி?” என்று நடராசன் சாமிதுரையைக் கேட்டார்.

பஞ்சநதம் கனைத்தார். சாமிதுரை அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, “எங்கம்மாங்க. பதினெட்டு வருஷமா எங்கம்மாதாங்க” என்றான்.

கார் ஒரு முழம் தானாக முன்னால் உருண்டது.

“நிலம் ராஜாத்தி பேர்ல இருக்கே, அந்தம்மா எங்க?” என்றார் அதிகாரி. பூவம்மாள் அப்போதுதான் நிமிர்ந்து சேற்றுக் கையால் காட்டினாள். “அந்தா நிக்கிதுங்களே!” அந்த வருஷம் செத்தவர்களிடமெல்லாம் நிலம் இருப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன மனுஷர் அவர். “சொந்தக்காரி ராஜாத்தி, அம்பாசிடர். குத்தகைதாரர் பூவம்மாள்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாப்பாட்டையும் விட்டுவைக்கவில்லை.

பஞ்சநதம் அன்றைக்கே சாமிதுரையை வேலையைவிட்டு நிறுத்தினார். வேறு இரண்டு பேர் சாவி போட்டுப் பார்த்தார்கள். கார் வாசலைத் தாண்டவில்லை. ஒன்பதாம் நாள் பிரகதாம்பாளே ஆள் அனுப்பி அவனைக் கூப்பிட்டுக்கொண்டாள். அந்த ஓஸ்களை அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷம் யாரும் மாற்றவில்லை. ஜெக்கரியா பாய் எப்போதாவது வளைத்துப் பார்த்து, மோந்தும் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு” என்பார்.

தை மாதம் வயலோரம் காரை நிறுத்திவிட்டு சாமிதுரை டீ குடிக்கப் போய்விடுவான். குத்தகை நெல்லை வேறெங்கும் கொண்டுபோகாமல் பூவம்மாள் டிக்கியிலேயே ஏற்றுவாள். “சரியா இருக்கா, பாத்துக்க தாயி” என்று பின்பக்கம் வந்து நிற்பாள். காருக்குள் யாரும் இருக்கமாட்டார்கள். பிரேக் விளக்கு ஒருதரம் சிவப்பாக எரிந்து அணையும். அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு களத்துக்குத் திரும்புவாள்.