பன்னிரண்டு வாரம்

பிறப்பு ஊக்குவிப்பு அலுவலகத்தில் கர்ப்பப் பதிவு செய்யும் எழுத்தரம்மாவுக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. இலவசத் தொட்டில் கொடுக்கும் பட்டியலில் மூன்றாவது பெயர் அவளுடைய தம்பி மனைவியுடையது. தொட்டில்களை ஏற்றிய வண்டி கிளம்பி அரைமணி நேரம் ஆகிவிட்டது.

பன்னிரண்டு வாரம் முடியாமல் பெயர் ஏற்றக்கூடாது என்பது விதி. ஊரில் குழந்தை பிறப்பதே குறைந்துபோக, மாதத்துக்கு இத்தனை பதிவு காட்டு என்று மேலிடம் கழுத்தை நெரித்தது. போன மாதக் கடைசியில் ஒன்று குறைந்தது. அந்த வாரம்தான் தம்பி மனைவி, கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து, ஏழாவது வாரம் என்று காதோடு காதாகச் சொல்லியிருந்தாள். புருஷனுக்குக்கூடச் சொல்லவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை ஆசைப்பட்டு நொறுங்கிப்போனவன் அவன்; மூன்று மாதம் தாண்டட்டும் என்று பொறுத்திருந்தாள்.

எழுத்தரம்மா, இந்தப் புண்ணியவதி, என்ன செய்தாள்? ஏழு வாரத்தைப் பன்னிரண்டாக்கிப் பெயரை ஏற்றிவிட்டாள். பத்தாம் நாள் கரு கலைந்தது. தம்பி மனைவி தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து, நாத்தனாரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டு, புருஷனிடம் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். பெயரை நீக்க மேலாளர் கையெழுத்து வேண்டும், கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று இவள் தள்ளிப்போட்டாள். இப்போது அடித்துப்பிடித்து ஓடி என்ன பிரயோசனம்?

வண்டி ஓட்டுநர் போனை எடுக்கவில்லை. பேருந்து ஒவ்வொரு சிக்னலிலும் நின்று அவள் உயிரை வாங்கியது. இரவு வேலை முடித்து வந்த தம்பி தூங்கிக்கொண்டிருப்பான், அவன் எழுவதற்குள் தொட்டிலைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நாலு மாடியும் படியேறினாள்.

கதவு திறந்தே இருந்தது. தம்பி தரையில் உட்கார்ந்து தொட்டிலின் காலை முடுக்கிக்கொண்டிருந்தான். தூக்கம் கலைந்த முகமெல்லாம் சிரிப்பு.

"வா அக்கா. உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல? ரெண்டு பேரும் சேர்ந்து என்னைய முட்டாளாக்கிட்டீங்களே!"

சமையலறை வாசலில் தம்பி மனைவி நின்றாள். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை.

"எனக்குத் தெம்பில்ல," என்றாள். "அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க அக்கா."

தம்பி ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, இருவரையும் மாறிமாறிப் பார்த்தான்.